தண்டலத்து மாடியில் லியோங்கின் சிப்

காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும்போதே நான் வெளியூர்க்காரன் என்பது எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. பினாங்கிலிருந்து கொண்டுவந்த என் கெட்டிலின் பிளக்கில் மூன்று சதுரக் கால்கள். இந்த ஊர்ச் சுவரில் வட்டத் துளைகள். வந்த முதல் வாரம் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய் அடாப்டர் கேட்டேன். கடைக்காரர் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தார். "இன்னாத்துக்கு சார் அடாப்டரு? இத்த வெட்டிப் போட்டு நம்ம ஊரு பின்ன மாட்டிடலாம். அஞ்சே நிமிசம்." நான் கெட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நல்ல நிலையில் இருக்கும் ஒரு பிளக்கை வெட்டுவதற்கு எனக்கு மனம் வராது. அவருக்கோ ஐந்து நிமிட வேலையை விட்டுவிட்டு இந்த மனிதர் ஏன் ஓடுகிறார் என்று புரியவில்லை. கடைசியில் வேறு கடையில் அடாப்டர் கிடைத்தது. கெட்டில் கொதிக்கும் வரை அதை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பினாங்குத் தீவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லைன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க இரண்டு வருட ஒப்பந்தத்தில் கூப்பிட்டார்கள். "தமிழ் பேசுற ஊருதானே, கண்ணை மூடிக்கிட்டுப் போங்க" என்று என் மனைவி ராஜேஸ்வரி அனுப்பிவைத்தாள். இங்கே எனக்குப் பெயர் மலேசியா சார். "தமிழ் நல்லா பேசுறீங்களே சார்" என்று பாராட்டாதவர்கள் பாக்கியில்லை. ஆரம்பத்தில் கோபம் வந்தது. என் அம்மாவிடம் நான் வேறு எந்த மொழியில் பேசியிருப்பேன் என்று இவர்கள் நினைக்கிறார்கள்? பிறகு பழகிவிட்டது. பினாங்கில் நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த பையன்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவதை உள்ளூர்க்காரன் என்ற மிதப்போடு பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது ஒடிசாக்காரர்களுக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்கும் நடுவில் கழுத்தில் அட்டை தொங்க அதே மாதிரி பஸ்ஸில் போகிறேன். என்னையும் யாரோ ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

பழைய கணினிகளை மறுபடி செய்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. வீட்டுக்காரரிடம் இதை விளக்க அரை மணி நேரம் செலவழித்தேன். எழுபதுகளில் டப்பாவில் உதிரி பாகங்களாக விற்ற கணினி, வாங்குகிறவரே ஈயத்தால் பற்றவைத்துக்கொள்ள வேண்டும், இப்போது எங்கும் கிடைக்காது, அதனால் அதே அச்சில் புதிதாக ஒன்று செய்கிறேன் என்றெல்லாம் சொன்னேன். அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டு மறுநாள் தம் வீட்டு மிக்ஸியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதைச் சரிசெய்து கொடுத்தேன். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு மிக்ஸி வந்தது.

நான் செய்ய நினைத்த கணினி வெறும் பச்சைப் பலகை. திரை கிடையாது. ஆறு சிவப்பு எண் விளக்குகளும் கால்குலேட்டரில் இருப்பதுபோல ஒரு பொத்தான் வரிசையும் மட்டும். பட்டர்வொர்த் தொழிற்கல்விப் பள்ளியில் எங்கள் ஆசிரியர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதைத் தொட அனுமதி பெற்ற இரண்டே மாணவர்கள் நானும் லியோங்கும். நாலு வருடங்களுக்கு முன் லியோங் நெஞ்சுவலியில் போனான். வீட்டைக் காலி செய்யும்போது அவன் மனைவி ஒரு பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்தாள். உள்ளே பஞ்சில் சுற்றி ஒரே ஒரு சிப் இருந்தது. நிரலை எழுதிச் சேமிக்கிற பழைய வகைச் சிப் அது. முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே வெயில் நாள்கணக்கில் பட்டால் எழுதியது அழிந்துவிடும் என்பதால் மேலே ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவார்கள். ஒட்டுத்தாளில் லியோங்கின் கோணல் எழுத்தில் "முருகையா. ஜாங்கான் பாடாம்" என்று எழுதியிருந்தது. அழித்துவிடாதே என்று மலாயில் பொருள். நான்தான் முருகையா. உள்ளே அவன் எனக்காக என்ன எழுதிவைத்தான் என்று அவன் மனைவிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பள்ளியில் இருந்த அந்தப் பலகை என்றோ குப்பைக்குப் போய்விட்டது. அப்படி ஒரு பலகையில் வைத்து ஓட்டி, அவன் எனக்கு என்ன விட்டுப்போனான் என்று பார்க்க வேண்டும். சாகும்வரை பக்கத்துத் தெருவில் இருந்தவன் ஏன் அதை என் கையில் கொடுக்கவில்லை என்ற கேள்வி வேறு குடைந்துகொண்டே இருந்தது.

பினாங்கில் இதற்குக் கூட்டாளி கிடைக்கவில்லை. கிடைத்தது இங்கே. இணையத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களின் குழு ஒன்றில் பலகையின் வரைபடத்தைக் கேட்டேன். போர்ச்சுகலில் ஒருவர் அனுப்பினார். பொத்தான்களுக்கு மேல்மூடி அச்சடித்துத் தருவதாகக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எழுதினார். அதே குழுவில் சேவியர் இருந்தார். தண்டலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் உதவியாளர். என் பஸ் போகிற வழியிலேயே வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் அவர் வீட்டு மாடியறையில் வேலை செய்யலாம் என்று ஏற்பாடு. மூன்றாவது ஆள் தனலட்சுமி. எங்கள் தொழிற்சாலையிலேயே பதினெட்டு வருடமாகப் பற்றவைக்கிற கை. வாலாஜாபாத் பக்கம் நெல் பயிரிடுகிற குடும்பம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். லீவு நாளிலுமா இதே வேலை என்று கேட்டேன். "லைன்ல எனுக்கு ஒரு போர்டுல நாலு பாயிண்ட்டுதான் சார். முழு போர்ட நான் ஒரு நாளும் பாத்ததில்ல. ஒண்ணாச்சும் மொதல்லேந்து கட்சி வரிக்கும் பண்ணிப் பாக்கணும்" என்றார். இதைவிட நல்ல காரணம் எனக்குக்கூட இருந்ததில்லை.

சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக அலைந்து பழைய சிவப்பு எண் விளக்குகள் வாங்கினோம். மூன்றே பேர் என்றாலும் மாடியறையில் வேலை நடந்தது அச்சுஅசலாக லைன் மாதிரிதான். உடம்பின் நிலைமின்சாரம் சிப்பைத் தாக்காமலிருக்க மணிக்கட்டில் கட்டும் பட்டை இல்லாமல் தனம் பற்றவைக்கும் இரும்பைத் தொடமாட்டார். நின்றுகொண்டுதான் பற்றவைப்பார், உட்கார்ந்தால் கை வராதாம். அவர் முடித்ததை நான் பூதக்கண்ணாடியில் சோதித்துப் பலகையின் ஓரத்தில் கையெழுத்துப் போடுவேன். பிறகு சேவியர் மீட்டர் வைத்துப் பார்த்து அவர் கையெழுத்தைப் போடுவார். மதியம் சேவியரின் மனைவி பிரியாணி கொடுப்பார். "ஆளுங்க மூணே பேரு, கையெழுத்து மட்டும் முப்பது" என்று அவர் கேலி செய்வார்.

பலகை முடியும் சமயத்தில் சேவியர் ஒரு யோசனை சொன்னார். கல்லூரியில் சிப்புகளைப் படிக்கும் கருவி இருக்கிறது. லியோங்கின் சிப்பை முதலில் அதில் வைத்து ஒரு நகல் எடுத்துவிடலாம். தனமும் தலையாட்டினார். நான் கண்டிப்பாகக் கூடாது என்றேன். அந்தக் கருவியில் ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டினால் இருபத்தைந்து வோல்ட் ஏறிச் சிப் செத்துவிடும் என்று காரணம் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அவன் எனக்கு எழுதியதை இன்னொருவர் லேப்டாப்பில் முதலில் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது என்பதே முழு உண்மை. அடுத்த ஞாயிறு சோதிப்பது என்று முடிவானது. சிப்பைச் சேவியரின் அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு நான் பூ வைத்துக் கும்பிடாத குறைதான். எல்லாம் மாட்டியாகிவிட்டது. சிப்பை அதன் சாக்கெட்டில் வைத்து அழுத்தினேன். சேவியர் மின்சாரம் கொடுத்தார். எண் விளக்குகள் ஒருமுறை மினுக்கி அணைந்தன. இரண்டு மூன்று விநாடியில் ஒட்டுத்தாள் சுருண்டு பழுப்பானது. சேவியர் பிளக்கைப் பிடுங்குவதற்குள் நாற்றம் அறை முழுக்கப் பரவிவிட்டது. எந்தச் சிப்பிலும் அதன் சாக்கெட்டிலும் ஒரு முனையில் சிறு பள்ளம் இருக்கும், எந்தப் பக்கமாகச் செருக வேண்டும் என்பதற்கு அடையாளமாக. எங்கள் தொழிற்சாலைப் பலகைகளில் எல்லாப் பள்ளமும் இடதுபக்கம்தான். நாள் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்து எங்கள் கண் அப்படி ஆகிவிட்டது. இந்தப் பழைய பலகையில் இந்த ஒரே ஒரு சிப்பை மட்டும் வலதுபக்கமாக வைத்திருந்தார்கள். தனம் வழக்கப்படி சாக்கெட்டை இடதுபக்கமாகப் பற்றவைத்திருக்கிறார். நான் சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மீட்டர் அதைக் கண்டுபிடிக்காது. சாக்கெட் காட்டிய பக்கம் சிப்பை வைத்து அழுத்தியதும் நானே. பூதக்கண்ணாடி கையில் இருந்தும் குருடனாக இருந்திருக்கிறேன்.

பிஸ்கட் டின்னிலேயே அதை விட்டு வைத்திருக்கலாம். லியோங்கை இரண்டாவது தடவை நானே புதைத்த மாதிரி இருந்தது. அப்போது தனம் மெதுவாக, "சார், திட்டாதீங்க. போன வாரம் நீங்க போனதுக்கப்புறம் காப்பி எடுத்துட்டோம்" என்றார். சேவியர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். என் பொருளை யாரைக் கேட்டு எடுத்தீர்கள், தொழிற்சாலையில் இப்படிச் செய்தால் வேலை போய்விடும் தெரியுமா என்று கத்தினேன். கீழே சேவியரின் மனைவி டி.வி. சத்தத்தைக் குறைத்தது கேட்டது. தனம் பின்வாங்கவில்லை. "நீங்கதான சார் எங்களுக்கு கிளாஸ் எடுத்தீங்க? மாஸ்டர் பீஸு ஒண்ணுதான் கீதுன்னா காப்பி இல்லாம லைனுக்கு எட்தாரக் கூடாதுன்னு. கேட்டா நீங்க உட மாட்டீங்க. அதான் கேக்கல." பிறகு குரலைத் தாழ்த்தி, "நாங்க ஓட்டிப் பாக்கல சார். உள்ள இன்னா கீதுன்னு தொறக்கவே இல்ல. நீங்கதான மொதல்ல பாக்கணும்" என்றார்.

நான் மாடிப்படியில் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். சாக்கெட்டைப் பிரித்துச் சரியான பக்கம் வைக்க ஒரு ஞாயிறு ஆனது. கல்லூரியின் கழிவுப் பெட்டியிலிருந்து அதே வகைச் சிப் ஒன்றை எடுத்து, அழித்து, லியோங்கின் நிரலை அதில் சேவியர் ஏற்றினார். இந்த முறை பள்ளத்தை மூன்று பேரும் சத்தம் போட்டுச் சொல்லிச் சரிபார்த்தோம். மின்சாரம் கொடுத்ததும் விளக்குகள் இருட்டாகவே இருந்தன. தனம் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு பொத்தானை அழுத்தினேன். நாலு இலக்கங்கள் சிவப்பாக எரிந்தன: 4718. மறுபடி அழுத்தினேன், வேறு எண். மறுபடி, வேறு. அணைத்துப் போட்டால் மீண்டும் முதலில் 4718. "எல்லா நம்பரும் குலுக்கல்ல வர்றதுதான் சார். மொத நம்பர் மட்டும் அவரே கையால வெச்சிருக்காரு" என்று சேவியர் நிரலைப் பார்த்துச் சொன்னார்.

4718 என் மோட்டார் சைக்கிளின் எண். முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கிய வண்டி. வாங்கிய இரண்டாம் மாதம் லியோங் இரவல் வாங்கிக்கொண்டு போய் ஒரு லாரியில் மோதினான். எங்கள் ஊரில் நாலு நம்பர் என்று ஒரு லாட்டரி உண்டு. விபத்தில் சிக்கிய வண்டியின் எண்ணை வாங்கினால் பரிசு விழும் என்று எல்லா இனத்தவரும் நம்புவார்கள். கை ஒடிந்து கிடந்தவனைத் தூக்குவதற்கு முன்பே கூட்டம் எண்ணைக் குறித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போன நான் அவன் கட்டிலருகே நின்று, "கை ஒட்டிக்கொள்ளும், என் மோட்டார் ஒட்டுமா?" என்று கேட்டேன். இரண்டு வருடம் நாங்கள் பேசவில்லை. பிறகு பேசினோம், ஒருவர் கல்யாணத்தில் ஒருவர் ஓடியாடி வேலை செய்தோம். ஆனால் அந்த வண்டியைப் பற்றி இரண்டு பேருமே வாயைத் திறந்ததில்லை. பேசாத அந்தக் காலத்தில் அவன் எங்கள் பழைய பள்ளி லேபுக்கு மறுபடி போய் உட்கார்ந்து, எனக்கு அதிர்ஷ்ட எண் எடுத்துக் கொடுக்க ஒரு நிரல் எழுதியிருக்கிறான். விளையாட்டாகவே மன்னிப்புக் கேட்டிருக்கிறான். என் முகத்தைப் பார்த்ததும் கொடுக்கப் பயந்திருப்பான். இதை இவர்களிடம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. சேவியர் தண்ணீர் கொண்டுவரக் கீழே போனார். தனம் மட்டும், "லாட்டரியா? இங்க அத்த வித்தா போலீஸ் அள்ளிக்கினு பூடும் சார்" என்று சிரித்து என்னையும் சிரிக்க வைத்தார்.

உடனே ராஜேஸ்வரியைக் கூப்பிட்டேன். இங்கே மூன்றரை, அங்கே ஆறு. ஞாயிற்றுக்கிழமைக் குலுக்கலுக்கு இன்னும் கடை அடைத்திருக்க மாட்டார்கள். எண்ணைச் சொன்னேன். "அந்த மோட்டாரை இன்னும் விடலையா நீங்க?" என்றாள். ஆனாலும் போய் வாங்கினாள். பரிசு விழவில்லை.

அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. பலகையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லித் தனமும் சேவியரும் வற்புறுத்துகிறார்கள். நான் விட்டுவிட்டுத்தான் போகப்போகிறேன். பதினெட்டு வருடத்தில் தனம் முதலிலிருந்து கடைசிவரை பற்றவைத்த ஒரே பலகை அது. அதைப் பெட்டிக்குள் போட்டு எடுத்துப்போக எனக்கு என்ன உரிமை? லியோங்கின் கை பட்ட கருகிய சிப் என்னோடு விமானம் ஏறும். அவன் என்னிடம் சொல்ல நினைத்தது தண்டலத்திலேயே இருக்கும். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஸ்விட்சைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், நான் இல்லாத அந்த அறையில் என் வண்டியின் எண் முதலில் எரியும்.