குளத்தில் பெண்கள் நேரம்

காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலையைச் சொன்னால் கோவில்பட்டியில் இருக்கும் என் அத்தைமார் நம்பமாட்டார்கள். நீளக் கம்பில் கட்டிய வலையோடு கொல்லைக்குப் போய், தண்ணீரில் விழுந்து கிடக்கும் இலைகளை அள்ளிப் போடுகிறேன். அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. அதில் சோறு பொங்குவதில்லை, துணி துவைப்பதில்லை, மாட்டுக்குக் காட்டுவதும் இல்லை. ஆனாலும் அதற்கென்று மருந்து வாங்கிப் போட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். பெர்த் நகரத்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த நீச்சல்குளம் அது. வீட்டைக் காட்டிய ஏஜெண்ட் அதன் பக்கத்தில் நின்று பெருமையாகக் கையை விரித்தபோது, நான் மனதுக்குள் இது எத்தனை தெருவுக்குக் காணும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த புதிதில் தினமும் அதன் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்பேன். பக்கத்து வீட்டு மார்கரெட் ஒருநாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, உங்கள் மதத்தில் காலையில் தண்ணீரைத்தான் கும்பிடுவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்து, ஒரு நிமிடம் யோசித்து, ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் வளர்ந்த தொண்ணூறுகளில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளுக்கென்று ஒரு பரபரப்பு உண்டு. முந்தின நாளே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். சினிமாவுக்குப் போனவர்கள் பாதியில் எழுந்து ஓடிவந்த கதையெல்லாம் எங்கள் தெருவில் இருக்கிறது. அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் அம்மாவின் ஊரில் இருந்த கரிசல் காட்டுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே கிணறு உண்டு. தண்ணீரைக் கண்டால் அப்பாவுக்கு வயது பாதியாகிவிடும். தம்பிக்கு மட்டுமில்லை, தெருப் பையன்கள் அத்தனை பேருக்கும் இடுப்பில் கயிறு கட்டி நீச்சல் பழக்கிவிட்டவர் அவர். நான் பெரியவளான பிறகு அந்தக் கிணற்றுப் படியில் இறங்கவில்லை. பம்புசெட் தொட்டியில் பாவாடையை நெஞ்சுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்பதோடு சரி. கிணற்றுக்குள் பையன்கள் தொப்பு தொப்பென்று குதிக்கும் சத்தமும் அப்பாவின் சிரிப்பும் மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். யாரும் என்னைத் தடுத்த நினைவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே தோன்றவில்லை என்பதுதான் இப்போது வருத்தமாக இருக்கிறது.

என் கணவருக்கு வடக்கே சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். எங்களுக்கு அப்போது பிள்ளைகளும் இல்லை. பெரிய வீடு, பெரிய தண்ணீர், நடுவில் நான் ஒருத்தி. சும்மா கிடக்கிற குளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாமே என்று யோசனை சொன்னவர் மார்கரெட்தான். அவரே அட்டையில் எழுதிக் கடைவாசல் பலகையில் குத்திவைத்தார். முழங்கால் அறுவை செய்துகொண்ட ஒருவர் வந்து தண்ணீருக்குள் முன்னும் பின்னும் நடந்துவிட்டுப் போனார். ஒரு பிறந்தநாள் கூட்டம் வந்தது. வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? தட்டு நிறையச் சேவும் காப்பியும் கொண்டுபோய் வைத்தேன். வாடகையை விடச் சேவுச் செலவு கூட என்று கணவர் போனில் சிரித்தார்.

பிறகு ஒரு பெண் போன் செய்தாள். பெயர் ஹலிமா, சோமாலியா நாட்டுக்காரி. வேலி எவ்வளவு உயரம் என்று கேட்டாள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியுமா என்றாள். அடுத்து, உன் கணவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டாள். திருட்டுக் கூட்டம் வேவு பார்க்கிறது என்று முடிவுகட்டி, கணவர் இருக்கிறார், அவருடைய நான்கு அண்ணன்களும் இருக்கிறார்கள், எல்லாரும் நல்ல உடம்புக்காரர்கள் என்று அடித்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

“அப்படியென்றால் நாங்கள் வர முடியாது, சகோதரி.”

விசாரித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஊர்ப்பொதுக் குளங்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கிறார்கள். இவர்களுக்கு அது ஆகாது. ஆண் கண் படாத தண்ணீரைத் தேடித்தான் நகரம் முழுக்க அலைந்திருக்கிறார்கள். நான்கு அண்ணன்களையும் அந்த நிமிடமே ஊருக்கு அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமை மதியம் அவர்கள் நேரம் என்றாயிற்று. கணவர் வீட்டில் இருக்கும் வாரம் அந்த நேரத்துக்கு வெளியே போய்விடுவார். ஏழெட்டுப் பெண்கள் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு வருவார்கள். பக்கவாட்டுக் கதவைத் தாழிட்டதும் மேலாடைகள் எல்லாம் கொடியில் ஏறிவிடும். பிறகு கேட்க வேண்டுமே, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஒரே கும்மாளம். நான் கரையில் சேவுத் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது வாரமோ என்னவோ, ஹலிமா தட்டைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, பழைய சுடிதாரோடு என்னை உள்ளே இழுத்துவிட்டாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, செத்தேன் என்று நினைத்தேன். நெஞ்சளவுத் தண்ணீர்தான்! அதற்கப்புறம் சனிக்கிழமைக்காகத்தான் மற்ற நாட்களைக் கழித்தேன் என்று சொன்னால் மிகையில்லை. மிதக்கப் பழகினேன். காலை உதைக்கப் பழகினேன். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் தோழி அவள்.

போன கோடையில் அப்பா வந்தார். அம்மாவுக்கு விமானம் என்றாலே பயம். அப்பா மட்டும் ஒரு பெட்டி நிறையச் சாமானோடு வந்து இறங்கினார். குளத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். எனக்கும் ஓர் ஆசை முளைத்தது. நான் நீந்துவதை அப்பா பார்க்க வேண்டும். நினைத்தால் எளிதுதான். ஆனால் ஈரத்துணியோடு அப்பா முன்னால் எப்படி நிற்பது? பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நின்றதில்லையே. கல்யாணமாகி, கடல் தாண்டி வந்து, கார் ஓட்டுகிறவளுக்கு இதில் என்ன வெட்கம் என்று கேட்கலாம். இருந்தது. சனிக்கிழமை பெண்கள் குளிக்க வருவார்கள், அப்போது நீங்கள் அறைக்குள் இருந்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். நானும் இறங்குவேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

சனிக்கிழமை அப்பாவுக்கு எண்ணெய்க் குளியல் நாள். நான் கடைக்குப் போயிருந்தேன். பெண்கள் வருவதற்குள் ஒரு முங்கு போட்டுவிட்டு ஏறிவிடலாம் என்று, உச்சிமுதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்து, இடுப்பில் துண்டோடு இறங்கியிருக்கிறார். அன்றைக்கென்று பார்த்து ஹலிமா கூட்டம் முன்கூட்டியே வந்துவிட்டது. நான் காரை நிறுத்தும்போது அவர்கள் தெருமுனையில் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டேன், ஹலிமா திரும்பவில்லை. கொல்லையில் அப்பா கண்ணில் சீயக்காயோடு நின்றார். குளத்தின்மேல் எண்ணெய் வண்ணவண்ணமாக மிதந்தது.

“பொம்பளையாளுவ குளிக்குத எடத்துல போயி நின்னுட்டேனேட்டி,” என்றார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

எண்ணெயை எடுக்க என்ன செய்வது என்று குளத்துச் சாமான் கடையில் கேட்டேன். இன்ஜின் ஆயிலா என்றார் கடைக்காரர். இல்லை, சமையல் எண்ணெய் என்றேன். குளத்தில் சமைத்தீர்களா என்றார். இல்லை, என் அப்பா என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்காமல் ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

டப்பா எண்ணெயை எடுத்துவிட்டது. ஹலிமா போனை எடுக்கவில்லை. பொய் சொல்லித் தங்களை வரவழைத்தேன் என்றுதானே நினைத்திருப்பாள்? எனக்கு அழுகையாக வந்தது. நாலு நாள் பார்த்துவிட்டு அப்பாவே கேட்டார்.

“அவிய வீடு எங்கன இருக்கு? என்னையக் கூட்டிட்டுப் போ.”

ஹலிமாவின் வீட்டுக்கு வெளியே, படிக்குக் கீழேயே அப்பா நின்றுகொண்டார். அவள் கதவைத் திறந்ததும் தரையைப் பார்த்தபடி கையெடுத்துக் கும்பிட்டார்.

“தாயி, தெரியாம நடந்துபோச்சி. இனிமே நீங்க குளிக்கையில நான் தெருவாசல்ல காவல் உக்காருதேன். ஒரு ஈ காக்கா உள்ள வராது.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஹலிமா அவரையே பார்த்தாள். அவர் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அதை அப்பாவிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, சொன்னேன்.

“என் மக மேல சத்தியம். திரும்ப மாட்டேன்னு சொல்லு.”

அடுத்த சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். அப்பா பக்கவாட்டுக் கதவோரம் நாற்காலியைத் தெருவைப் பார்க்கப் போட்டு, குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எங்கள் பக்கம் பெண்கள் குளிக்கும் பம்புசெட்டை நெருங்குகிற ஆம்பிளை தூரத்திலேயே பலமாகச் செருமுவான். உள்ளே இருப்பவர்கள் சேலையைச் சரிசெய்துகொள்வார்கள். அப்பாவும் அதையே செய்தார். தபால்காரர் வந்தால் ஒரு செருமல், நாயோடு யாராவது போனால் ஒரு செருமல். இந்த ஊரில் அதற்கு அர்த்தம் வேறு. அந்தக் கூட்டத்தில் மூத்தவளான ஹலிமாவின் அத்தை, இந்த மனிதருக்கு நெஞ்சுச்சளி முற்றிவிட்டது என்று பதறி, மறுவாரம் ஒரு பாட்டில் தேனில் இஞ்சி போட்டுக் கொண்டுவந்தாள். அப்பா மறுக்கவில்லை. வாராவாரம் குடித்துவிட்டு, தெம்பாகச் செருமினார். அவர்களுக்குள் ஒரு வார்த்தை பேச்சில்லை. ஒருவர் முகத்தை மற்றவர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

அப்பா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை. எனக்குள் ஒரு வேகம் வந்துவிட்டது. ஆழமில்லாத பக்கத்துச் சுவரை உதைத்துக்கொண்டு புறப்பட்டேன். நடுவில் கால் தேடியது, தரை இல்லை. பயத்தில் இரண்டு மடக்குக் குடித்தேன். ஹலிமா பக்கத்திலேயே வந்தாள், ஆனால் தொடவில்லை. எதிர்ச்சுவர் கைக்குப் பட்டதும் பெண்கள் எல்லாரும் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் கேட்கிற அதே குலவைதான். கதவுக்கு அப்பாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“ஏட்டி, அங்கன யாருக்குக் கொலவ போடுதாவ?”

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

“எனக்குத்தாம்ப்பா.”

“ஒனக்கா? என்னத்துக்கு?”

“இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு நீந்திட்டேம்ப்பா.”

கதவிடுக்கில் அவர் முதுகு தெரிந்தது. ஒரு காரோ ஆளோ இல்லாத தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கழுத்து லேசாக அசைந்து, அப்படியே நின்றுவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

“ஆழத்துலயா?”

“ஆழத்துலதான்.”

பெண்கள் என்னவென்று புரியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“இன்னொரு தடவ போ, தாயி,” என்றார். “நான் கேக்குதேன்.”

நான் சுவரை உதைத்துக்கொண்டு புறப்பட்டேன். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று, என்னால் முடிந்தவரை காலைத் தண்ணீரில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டே போனேன்.