ஐந்தாம் வகுப்பை முடிக்காமலே முடித்தவர்

கல்வி அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லாருக்கும் அவள் ‘சதவீதம்’. “சதவீதம் வந்தாச்சா?”, “சதவீதத்துக்கு இன்னிக்கு ஜலதோஷம்” என்றுதான் பேச்சு. ஊர்ப் பள்ளிகள் அனுப்பும் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மேலிடத்துக்கு அனுப்புவது அவள் வேலை. மேலிடத்திலிருந்து அது தலைநகருக்குப் போகும். அங்கிருந்து கிளம்பி, உலகம் முழுக்க எத்தனை குழந்தைகள் தொடக்கப் பள்ளியை முடிக்கிறார்கள் என்கிற மாபெரும் கணக்கில் போய்க் கலக்கும். உலகமே தன் விரல் நுனியில் சுற்றுகிறது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. விரல் நுனியில் சுற்ற மறுத்தது ஒரே ஒரு ஆள்தான். தாலி கட்டிய புருஷன்.

அவர் நகராட்சித் தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஓட்டுகிறவர். இருபது வருஷமாகத் தினக்கூலி. புதிதாக வந்த பொறியாளர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: “அஞ்சாம் வகுப்பு பாஸ் பண்ணினா வேலை நிரந்தரம். இல்லேன்னா இந்த வருஷத்தோட வீட்டுக்குப் போகலாம்.”

அவரோ நாலாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். அவள் மூன்று நாள் அழுதாள், சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள், கடைசியில் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஐந்தாம் வகுப்பில் சேர்த்தாள். பம்ப் வேலை மத்தியானத்துக்கு மேல்தான். காலையில் பள்ளிக்கூடம். முழங்கால் மேஜைக்கு அடியில் போகாததால் அவர் பக்கவாட்டில் உட்கார்ந்து படித்தார். பிள்ளைகளுக்கு அவர் ‘பம்ப் மாமா’.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாழாய்ப்போன அவள் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா!

ஒருநாள் மத்தியானம் அவர் வேலைக்குக் கிளம்புமுன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள்.

“என்னங்க! உங்களை எண்ணி உலகத்துக்கு அனுப்பிட்டேன்!”

“என்னையா? பார்சலா?”

“தொடக்கப் பள்ளியை முடிச்சவங்க கணக்குலங்க! கடைசி வகுப்புல முதல் தடவையா யார் சேர்ந்தாலும் எண்ணணும், வயசு பார்க்கக் கூடாது. அந்த வகுப்புக்கு உண்டான வயசுல ஊர்ல எத்தனை பிள்ளைங்களோ, அதால வகுக்கணும். நம்ம ஊரு நூத்தி நாலு சதவீதம்!”

“நூறு பேருக்கு நூத்தி நாலு பேரா? மிச்ச நாலு பேரு வயித்துக்குள்ள இருந்தே படிச்சானுங்களா?”

“உங்களை மாதிரி லேட்டா வந்து சேர்ந்தவங்களையும் சேர்த்து எண்றோமில்ல, அதான்.”

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். “இரு. சேர்ந்தாலே முடிச்ச மாதிரியா?”

“ஒவ்வொரு பிள்ளையோட பரீட்சையையும் போய்ப் பார்க்க முடியுமா? கடைசி வகுப்பு வரைக்கும் வந்தவங்க முடிச்சுடுவாங்கன்னு ஒரு நம்பிக்கை.”

மறுநாள் காலை அவர் போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

“உலகமே நான் முடிச்சுட்டேன்னு ஒத்துக்கிச்சு. இதுக்கு மேலயும் போய் உட்கார்ந்தா உலகத்தை அவமானப்படுத்தின மாதிரி.”

நிஜக் காரணம் அதுவல்ல. வகுப்பில் பின்னக் கணக்கு ஆரம்பித்திருந்தது. சின்ன வயதில் அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தியதும் அதே பின்னம்தான்.

“பொறியாளர் சர்டிபிகேட் கேட்பாரே!” என்று அவள் கதறினாள்.

“நூத்தி நாலுன்னு ஒரு பேப்பர்ல அடிச்சுக் கொடு, காட்டிக்கறேன்.”

அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. வாசலில் அவருடைய வகுப்பு டீச்சரேதான்! அவள் வந்தது வேறொரு கணக்குக்காக. வீடு வீடாகப் போய், யார் எந்த வகுப்பு முடித்தார் என்று நேருக்கு நேர் கேட்கிற கணக்கு. அதற்கு ஆசிரியர்களைத்தான் அனுப்புவார்கள். இஸ்திரிப் பெட்டி இரவல் கேட்டு வந்த மாடி வீட்டம்மாவும், பெட்டியை மறந்துவிட்டு வசதியாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

“குடும்பத் தலைவர் படிச்சு முடிச்ச வகுப்பு?”

“அஞ்சு” என்றார் அவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

“நாலு!” என்று அடுக்களையிலிருந்து வந்தது குரல்.

“அஞ்சுன்னு போடுங்க டீச்சர். இவளே உலகத்துக்கு அனுப்பிட்டா.”

“அது பள்ளிக்கூடம் அனுப்புற கணக்குண்ணே. அதுல வகுப்புக்குள்ள காலை வச்சா போதும். இதுல நிஜமாவே முடிச்சிருக்கணும். உங்க நோட்டைத் திருத்துறவளே நான், நான் எப்படி அஞ்சு போடுவேன்?”

மாடி வீட்டம்மா பரிதாபமாகக் கேட்டாள்: “அப்ப அண்ணன் ஆபீஸ்ல அஞ்சு, வீட்ல நாலா?”

டீச்சர் கையிலிருந்த போனில் ‘நாலு’ என்று தட்டிவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் வேலைக்குக் கிளம்பும்போது அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“நிஜமாவே வேலை போயிடுமா?”

“போயிடுங்க.”

“அந்த மோட்டார் சத்தத்தை ஒரு நாள் கேட்காட்டி எனக்கு ராத்திரி தூக்கம் வராது.” செருப்பை மாட்டினார். “நாளைக்குக் காலையில எழுப்பி விடு.”

அவள் அடுக்களைக்குள் ஓடிப்போய், பாத்திரங்களுக்கு நடுவே நின்று, முந்தானை நனைய நனைய அழுதாள்.

பின்னம் அவ்வளவு சுலபத்தில் பணியவில்லை. தொட்டியை வைத்துச் சொன்னால் புரியும் என்று டீச்சர் தொட்டிக் கணக்குப் போட்டாள். “தொட்டி நிரம்பும்போது கீழ்க்குழாயை எவன் திறந்து விட்டான்? முதல்ல அவன் பேரைச் சொல்லுங்க” என்று பம்ப் மாமா எழுந்து நின்றார். ஆனாலும் எழுதினார். பாஸ் மார்க்குக்கு மேல் ஒரே ஒரு மார்க் வாங்கித் தேறினார். பொறியாளர் கையெழுத்துப் போட்டார், வேலை நிரந்தரமாயிற்று!

மறுநாள் அவள் சந்தோஷம் தாங்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, புருஷன் தேறியதை எங்கே ஏற்றுவது என்று தேடினாள். மேலே தேடினாள், கீழே தேடினாள். இடமே இல்லை.

“அவரைத்தான் சேர்ந்தப்பவே எண்ணியாச்சேம்மா” என்றார் மேலதிகாரி. “ஒரு ஆளை எத்தனை தடவை எண்ணுவே?”

சாயங்காலம் நேரே பம்ப் அறைக்குப் போனாள். அவர் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு புள்ளிகூட அசையலைங்க. அதே நூத்தி நாலு.”

“நான் இவ்வளவு பாடுபட்டுமா?”

“இவ்வளவு பாடுபட்டும்.”

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். “அந்த டீச்சர் மறுபடி எப்ப வீட்டுக்கு வருவாங்க?”

“இனிமே எப்பவோ. ஏன்?”

“வரும்போது நீ அடுக்களையில இருந்து வாயைத் திறக்கக் கூடாது. நானே சொல்லுவேன். அந்த மாடி வீட்டம்மாவையும் கூப்பிட்டு உட்கார வை.”

அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

“தள்ளி நின்னு அழு” என்றார் அவர். “மோட்டார்ல தண்ணி பட்டா ரெண்டு பேருக்கும் ஷாக் அடிக்கும்.”