மாப்பிள்ளை இறங்காமல் ஒட்டிய பஞ்சர்

பஞ்சர் ஒட்டும்போது வண்டியின் மேல் ஆள் உட்காரக் கூடாது. எங்கள் மதுரைப் பட்டறையில் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். அவனியாபுரத்துக்கு வெளியே கண்மாய்க்கரையில், பட்டு வேட்டியும் மாலையுமாக ஒரு மாப்பிள்ளையை மேலே வைத்துக்கொண்டே நான் ஒட்ட நேர்ந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வருவதற்கு முந்திய காலம் அது.

மாப்பிள்ளை முத்தையா, பரவைப் பக்கம் உழவு செய்யும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. எங்களிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கியவர், அதில்தான் பெண் வீட்டு வாசலில் போய் நிற்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நீயும் கூடப் போயிட்டு வாய்யா. வண்டி பாதியில நின்னா மாப்பிள்ளைய யாரும் பேச மாட்டாக. நம்ம பட்டறையத்தான் பேசுவாக."

லீவர், பேட்ச், சொல்யூஷன், கைப்பம்பு ஆகியவற்றைப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் ஊரான அவனியாபுரத்துக்கு வெளியே சாவடியில் இறங்கினார்கள். அங்கே முத்தையா வண்டியில் ஏறினார். நாயனக்காரர் முன்னே நடக்க, வண்டி முதல் கியரில் உறுமிக்கொண்டு பின்னே போயிற்று. முத்தையா கால் ஊன்றக் கூடாதென்று இரண்டு கூட்டாளிகள் கைப்பிடியை இருபுறமும் பிடித்துக்கொண்டார்கள். கண்மாய்க்கரையில் பாதி போவதற்குள் பின் டயர் தரையோடு உட்கார்ந்துவிட்டது.

"இறங்குங்க தம்பி. சக்கரத்தக் கழட்டணும்" என்றேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பெரியகருப்பன் குறுக்கே கை நீட்டினார். அவர் பரவைச் சந்தையில் தானிய வியாபாரி.

"இறங்கப்படாது. ஏறுன மாப்பிள்ள, பொண்ணு வாசல்ல மச்சினன் கால் கழுவி விட்டாத்தான் தரையில கால் வைக்கணும்."

"மேல ஆள வச்சுக்கிட்டு எப்படிங்க டயரப் பிரிக்கிறது?"

"அதுக்குத்தான உம்மக் கூட்டியாந்தது?"

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. முத்தையா என்னைப் பார்த்தார், மாமனைப் பார்த்தார், இறங்கவில்லை.

நாலு பேராக வண்டியை மாப்பிள்ளையோடு தூக்கிப் பின் ஸ்டாண்டில் நிறுத்தினோம். அவரை முன்னால் சாய்ந்து பெட்ரோல் டாங்கைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். சக்கரத்தைக் கழற்றாமல், டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி டியூபை உருவினேன். டயருக்குள் விரலை ஓட்டியபோது இரும்பு தட்டியது. குறட்டால் இழுத்தேன். சாக்குத் தைக்கும் கோணி ஊசியின் உடைந்த முனை.

"இது எப்படி வந்துச்சு?"

பெரியகருப்பன் தயங்கவே இல்லை. "நாந்தான் வச்சேன். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் மட்டும் போதுமா? இரும்பு வேணும்ல. பழத்துல ஊசியக் குத்தி, நிமித்திச் சக்கரத்துக்கு அடியில வச்சேன்."

"நல்லா வச்சீக மாமா" என்றார் முத்தையா, டாங்கின் மேல் கிடந்தபடி.

நாயனச் சத்தம் நின்றதைக் கேட்டுப் பெண்ணின் அண்ணன் சோணை ஓடி வந்தார். நிலைமையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"என்ன மாப்ள, வண்டிய அணைஞ்சுக்கிட்டுக் கிடக்கீக? எங்க ஊர்ல காளையத்தான் அப்படிப் பிடிப்போம்."

"மச்சான், இன்னும் எம்புட்டு நேரம் இருக்கு?"

"கொஞ்சந்தான். முகூர்த்தம் தப்புனா அடுத்தது ஆவணியிலதான்னு சொல்றாக. பேசாம நாங்க தூக்கிட்டுப் போறோமே?"

"வைத்தியருட்டக் கொண்டு போற மாதிரியா? வேணாம்."

சொல்யூஷன் காய்ந்த பிறகே பேட்ச் வைக்க வேண்டும். ஈரத்தில் வைத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் அது காயும்போதுதான் காயும். காய்ந்தது. ஒட்டி, டயரை ஏற்றி, காற்றடித்தேன். அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"முன் சக்கரத்துக்கும் பழம் வச்சீங்களா?"

"பின்ன? ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

குனிந்து பார்த்தேன். முன் டயரில் ஊசி உடையாமல் குத்தி நின்றது. காற்று கொஞ்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"புடுங்குய்யா" என்றார் சோணை.

"புடுங்கினா இப்பவே உக்காந்திரும். உள்ள இருக்கிற வரைக்கும் ஓட்டைய ஊசியே அடைச்சிருக்கும்."

"எது வரைக்கும் தாங்கும்?"

"தெரியலைங்க. சீக்கிரமாப் போனா நல்லது." நாயனக்காரரிடம் கொஞ்சம் வேகமாக வாசிக்கச் சொன்னேன்.

"நடைக்கு வாசிக்கலாம்ணே. ஓட்டத்துக்கு வாசிச்சா எனக்குப் பல்லு போயிரும்" என்றார் அவர்.

சோணை அவர் தோளை அணைத்துத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஊர்வலம் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகத் தெருவுக்குள் நுழைந்தது. நான் முன் டயரையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் ஓடினேன். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்தது. வாசலில் வண்டி நின்றதும் சோணை செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கால் கழுவினார். முத்தையா தரையில் கால் வைத்தார்.

"பாத்தீகளா, இரும்பு காப்பாத்திருச்சுல்ல" என்றார் பெரியகருப்பன்.

முன் சக்கரத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். பின் சக்கரத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. பஞ்சர் என்று ஒரு வண்டி வந்தால், பஞ்சராகாத சக்கரத்தை முதலில் சுற்றிப் பாருங்கள். அதில் ஏதாவது குத்தி நின்றால், பிடுங்குவதற்கு முன், வண்டிக்காரர் எங்கே எப்போது போய்ச் சேர வேண்டும் என்று கேளுங்கள். முத்தையாவின் முன் டயரில் இருந்த ஊசியை, அவர் தாலி கட்டும்போதுதான் நான் பிடுங்கினேன். கெட்டிமேளத்தில் காற்றுப் போன சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.