பஞ்சவர்ணம் அக்கா நிறைத்துக் கொடுத்த பாட்டில்

ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எங்கள் ஆராய்ச்சியில் முக்கால் பங்கு பஸ்ஸுக்குக் காத்திருப்பது.

நான் ஒரு பெரிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் களப்பணியாளன். நாள் முழுக்க உப்பளத்து வெயிலில் நிற்பவர்களின் சிறுநீரகம் என்ன ஆகிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் டாக்டரம்மாவின் வேலை. அதற்கு ஆள் சேர்ப்பதும், கேள்வி கேட்பதும், சிறுநீர் பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்துச் சுமந்து வருவதும் என் வேலை. கையில் படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கி, நாய்க்குப் பயந்து, வாசலிலேயே விரட்டப்பட்ட கணக்கெடுப்புக்காரர்களே, வாக்காளர் பட்டியல்காரர்களே, உங்களுக்கு இந்தப் பிழைப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் செய்த தப்பை நீங்களும் செய்திருப்பீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் சொல்கிறேன்.

நாலு பக்கச் சம்மதம்

ஒருவரை ஆராய்ச்சியில் சேர்க்கும் முன் சம்மதப் படிவம் நாலு பக்கத்தையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாலிநோக்கத்துக்கு அப்பால் ஒரு சின்ன உப்பளம். சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மூன்றாம் பக்கத்துக்கு வருவதற்குள் பாதிப் பேர் கண்ணசந்துவிட்டார்கள். பஞ்சவர்ணம் அக்கா மட்டும் கடைசிவரை கேட்டார். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேனில் வருகிறவர். மழை பெய்தால் ஊரில் மிளகாய்க் காட்டு வேலை, மற்ற மாதங்களில் உப்புச் சுமக்கிற வேலை. நாற்பது வயதைத் தாண்டியவர்.

‘இதில் சேர்வதால் உங்களுக்கு நேரடியாகப் பலன் இல்லாமலும் போகலாம்’ என்று ஒரு வரி வரும். அதை நான் எப்போதும் வேகமாக ஓட்டிவிடுவேன். அக்கா சரியாக அங்கே நிறுத்தி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பலன் இல்லாமப் போகலாம்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்புட்டுக் கையெழுத்துக் கேக்குற ஆள இப்பத்தேன் பாக்குறேன் தம்பி. எங்கன போடணும்?”

பதினேழாம் கேள்வி

எங்கள் கேள்வித்தாளில் பதினேழாவது கேள்வி: வேலை நாளில் எத்தனை டம்ளர் தண்ணீர் குடிப்பீர்கள்? பதிலுக்கு மூன்று கட்டங்கள். நாலுக்குக் கீழே, நாலு முதல் எட்டு, எட்டுக்கு மேலே. ஒன்றில் டிக் அடித்துவிட்டுப் பதினெட்டுக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேரை முடித்தாக வேண்டும் என்று இருப்பவனுக்குக் கட்டம்தான் கண்ணில் படும், ஆள் படமாட்டார்.

அக்கா சொன்ன பதில் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை. நான் ‘நாலுக்குக் கீழே’ என்பதில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அவர் சொன்னது இது:

“காலைல குடிக்கிற டீத்தண்ணி மட்டுந்தேன். குடிச்சா ஒதுங்க எங்க போறது? கண்ணுக்கெட்டுன தூரம் வெள்ள வெளேர்னு கெடக்கு, ஒரு செடி மறைவு உண்டா அங்கன?”

நிறைந்த பாட்டில்

மறுநாள் காலை வேன் புறப்படும் இடத்தில் பாட்டில்களை வாங்கினேன். முதல் நாளே கொடுத்தனுப்பியிருந்தேன். எவ்வளவு பிடிக்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பெண்களிடம் விளக்க எனக்குக் கூச்சம். தூரத்தில் இருந்த தந்திக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு, “எல்லாம் பேப்பர்ல எழுதியிருக்கு” என்று முடித்திருந்தேன். மற்ற எல்லோருடைய பாட்டிலிலும் இரண்டு விரல் உயரத்துக்கு, கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. பஞ்சவர்ணம் அக்காவின் பாட்டில் கழுத்துவரை நிறைந்து, தெளிவாக இருந்தது.

வெளிர் மஞ்சளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, சந்தேகம் வரவில்லை. சிறுநீரின் அடர்த்தி கூடுதலாக இருப்பவர்களை மட்டும் இரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது எங்கள் முறை. அந்தப் பட்டியலில் பதினோரு பேர் இருந்தார்கள். அக்கா ‘ஆரோக்கியமானவர்’ என்ற பத்தியில் ஏறினார். லேப்பில் வேலை பார்க்கும் செல்வி அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொன்னாள்:

“அந்த உப்புக்குள்ள ஒழுங்காத் தண்ணி குடிக்கிற ஆளு இந்த அக்கா ஒருத்திதான் போல.”

ஆறாம் மாதம்

ஆறு மாதம் கழித்து மறு பரிசோதனைக்குப் போனேன். வேனில் அக்கா இல்லை. கால் வீங்கிப்போய் ஒரு மாதமாக வேலைக்கு வரவில்லை என்றார்கள். ஊருக்குப் போனேன். முகமும் வீங்கியிருந்தது. வீட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்து, எழுந்திருக்க முடியாததற்காக மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தார். பயம் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தேன். இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் பாதிக்கு மேல் வேலையை நிறுத்தியிருந்தது. முதல் பரிசோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா திரும்பத் திரும்பப் பார்த்தார். “அன்னைக்கு பாட்டில்ல என்னம்மா இருந்துச்சு?” என்று மெதுவாகக் கேட்டார். அக்கா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

“கால்வாசிகூட வரல டாக்டரம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் குடுக்குறத அரையும் கொறையுமாவா குடுக்குறது? கொடத்துத் தண்ணியத்தேன் ஊத்தி நெறச்சேன். உப்புத் தண்ணி இல்ல, குடிக்கிற நல்ல தண்ணி.”

ஒற்றைக் கோடு

அக்காவை வார்டில் சேர்த்த பிறகு டாக்டரம்மா எனக்கு விளக்கினார். போனது திரும்பாது. மிச்சமிருப்பதை மாத்திரையும், உச்சி வெயிலுக்குப் போகாமல் இருப்பதும் காப்பாற்றும். ஊற்றிய தண்ணீர் அவரை ஒன்றும் செய்யவில்லை. அது நோயை எங்களிடமிருந்து மறைத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஆறு மாதம் கிடைத்திருந்தால் மிச்சம் இன்னும் கூடுதலாக இருந்திருக்கும். பட்டியலில் இருந்த பதினோரு பேருக்கும் அது கிடைத்தது.

நான் அக்காவின் படிவத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று கேட்டேன். வெட்கம்தான், வேறென்ன. ஆராய்ச்சித் தாளில் எதையும் கிழிக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது தெரியும்படி. பக்கத்தில் காரணம், கையெழுத்து, தேதி. டாக்டரம்மா ‘ஆரோக்கியமானவர்’ என்பதன் மேல் அந்தக் கோட்டைப் போட்டார். பிறகு பக்கத்தைப் புரட்டி, பதினேழாம் கேள்வியில் நான் டிக் அடித்திருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“தண்ணி ரொம்பக் கொஞ்சந்தான் குடிக்கிறேன்னு அந்தம்மா இங்க உண்மையச் சொல்லியிருக்காங்க. பாட்டிலையும் இதையும் சேர்த்து வச்சுப் பாக்காதது நாமதான், நீயும் நானும்.”

மாத்திரை

இப்போது அக்கா மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருகிறார். வீக்கம் வடிந்துவிட்டது. உப்பளத்துக்குப் போவதில்லை; காலையில் மட்டும் மிளகாய்க் காட்டுக்குப் போகிறார். போன தடவை, மாத்திரை வாங்கும் வரிசையில் அவர் பின்னால் போய் நின்றேன். பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்: “தப்பு என்னோடதுக்கா. எவ்வளவு வேணும்னு நான் வெளக்கியிருக்கணும். நீங்க சொன்னதையும் காதுல வாங்கியிருக்கணும்.”

பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அக்கா சொல்லவில்லை. வரிசை நகர்ந்தது; மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தபடி ஓர் அடி முன்னால் போனார். பிறகு திரும்பினார்.

“தப்பு யாருதா இருந்தா என்ன தம்பி, மாத்திர நாந்தான திங்கணும்? மத்தவளுகளுக்காச்சும் வெக்கப்படாம வாயத் தொறந்து சொல்லுங்க.”

சொல்கிறேன், தந்திக் கம்பத்தைப் பார்க்காமல், முகத்தைப் பார்த்து, இரண்டு விரல் காட்டி, “இம்புட்டுப் போதும், தண்ணி ஊத்தாதீங்க” என்று சொல்கிறேன்.

இந்த வேலையில் நான் தேறிவிட்டேன் என்று டாக்டரம்மாகூடச் சொல்கிறார். தேறியது நான், பரீட்சை எழுதியது பஞ்சவர்ணம் அக்கா.