குவாதலூப்பில் கேட்ட அப்பாடா

அப்பா இறந்தபோது நான் கரீபியன் கடலில் ஒரு சொகுசுக் கப்பலில் பயணிகளின் படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தேன். நீ ரங்கூன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும், வர வேண்டாம் என்று அம்மா போனில் சொன்னாள். அதனால் வேலையைத் தொடர்ந்தேன். கப்பல் கரையில் நிற்கும் நாட்களில் மற்றப் பெண்கள் ஊர் பார்க்கப் போவார்கள். நான் கீழ்த்தட்டிலேயே படுத்திருப்பேன்.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு பிலிப்பினோ அம்மாள். குவாதலூப் தீவில் நின்ற அன்று அவர் வந்து என்னை எழுப்பினார். பயணிகளுக்கான காட்டுப்பாதைச் சவாரியில் ஒரு இடம் காலியாக இருக்கிறதாம். இன்றைக்கும் நீ வெளியே போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி அனுப்பிவைத்தார்.

கதவும் கண்ணாடியும் இல்லாத, பெரிய டயர் போட்ட குட்டி வண்டிகள் வரிசையாக நின்றன. பயணிகளே ஓட்ட வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியாது. அதனால் வழிகாட்டி தன் வண்டியில், தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். என் வயதுதான் இருக்கும். சுருட்டை முடி, எங்கள் அத்தையின் மூக்கு. ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு கைக்குட்டையும் கொடுத்தாள்.

தார் ரோடு முடிந்ததும் இரண்டு பக்கமும் கரும்பு. நடுவில் செம்மண் சேறு. பள்ளத்தில் இறங்கும்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஓர் ஓடையை அவள் வேகத்தைக் குறைக்காமலே கடந்தாள். தண்ணீர் சுவர் மாதிரி எழுந்து எங்கள் மேல் விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். அப்பா போனபின் அதுதான் முதல் தடவை. சிரித்த வாயோடு அழுகையும் வந்தது. முகமெல்லாம் சேறாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மாமரத்தடியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். சோற்றின் மேல் மஞ்சளாகக் கோழிக்கறி. பெயர் கொலம்போ என்றாள். ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது. இதை எங்கள் வீட்டில் குழம்பு என்போம் என்றேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நான் எந்த ஊர் என்று விசாரித்தாள். பர்மா, ஆனால் தமிழ் என்றேன். அவளுடைய ஆட்களும் அந்தப் பக்கத்திலிருந்துதான், கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களாம். ஐந்தாறு தலைமுறைக்கு முந்திய கதை. பாஷை எப்போதோ போய்விட்டது. நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"எங்க அப்பா வயலிலிருந்து வந்து உட்காரும்போது ஒரு சத்தம் போடுவார். இந்த ஊரில் வேற யாரும் அப்படிச் சொல்றதில்ல. அப்பாடா. அப்படின்னா என்ன?"

எங்கள் அப்பா ரங்கூனில், நாங்கள் இருந்த தாமுவேயிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தன்லியினுக்குப் பஸ் ஓட்டினார். கண்டக்டர் பையன்கள் அவரை ஊலே என்பார்கள், பர்மியத்தில் சித்தப்பா என்று அர்த்தம். வேலை முடிந்து நாலு மாடி ஏறி வந்து, லுங்கியைத் தளர்த்திக்கொண்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவார். அந்தச் சொல் வந்துவிட்டால் அம்மா டீயோடு வருவாள். கடைசி வருஷங்களில் வீட்டில் அவர் பேசியதில் பாதி பர்மியம்தான். அந்த ஒரு சொல்லை மட்டும் வேறு பாஷையில் சொன்னதில்லை.

அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, வேலை முடிந்தது, இனி உட்காரலாம், அவ்வளவுதான் என்றேன். எங்கள் அப்பாவும் சொல்வார் என்றேன். இப்போது இல்லை என்பதையும் சொன்னேன். அவள் என் முழங்கை மேல் கை வைத்தாள்.

திரும்பும் வழியில், வண்டிகளைக் கழுவ வேண்டும் என்று பயணிகளிடம் சொல்லி ஒரு வீட்டின் முன் நிறுத்தினாள். முற்றத்து மூங்கில் கம்பத்தில் சாமிக்குக் கட்டிய சிவப்புக் கொடி. குழாயைத் திறந்து அவள் தண்ணீர் அடிக்கத் தொடங்கியபோது, பின்னாலிருந்து ஒரு டிராக்டர் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் கறுத்து, ஒல்லியாக, எங்கள் அப்பாவைவிட உயரமாக இருந்தார். முக ஜாடை எதுவும் இல்லை. பூட்ஸைக் கழற்றினார். வாசலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்பாடா."

கடைசி எழுத்தை இழுத்து, மூச்சோடு விட்டார். நான் முற்றத்தில் நின்றபடியே இருந்தேன். மகள் அவரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து தன் பக்கத்தில் போட்டார். வண்டிகள் கழுவி முடியும்வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினேன். மறுபடி கப்பல் வேலைக்குப் போக வழி அமையவில்லை. இப்போது தாமுவேயில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். கரண்டும் லைனும் இருக்கிற நாளில் அவள் சேறு படிந்த வண்டிப் படங்களை அனுப்புவாள். எப்போது வருகிறாய் என்று கேட்பாள். ஓடைத் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் முகத்தில் இருக்கிறது என்று பதில் போடுவேன்.

வந்த புதிதில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தீவு எவ்வளவு தூரம், கடல் என்ன நிறம், எதையும் அவள் கேட்கவில்லை.

"எப்படிச் சொன்னாரு?"

சொல்லிக் காட்டினேன். இழுத்து, மூச்சோடு. அம்மா மறுபடியும் சொல்லச் சொன்னாள். அப்புறம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். தன்லியினை அடுத்த கியாக்தான் பகோடாவைத் தாண்டி எங்கேயும் போகாதவள் அவள். பாஸ்போர்ட் என்று ஒன்று எடுத்ததே இல்லை.

"அந்த ஊருக்கு என்னையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போறியாம்மா?"

போகலாம் என்றேன்.