நெட்டை பின்னால், குட்டை முன்னால்

படக்காரர் என்றால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'சிரிங்க' என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். போட்டோ ஸ்டுடியோ வைத்து, எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சியையும் "சிரிங்க, சிரிங்க" என்று நச்சரித்தே சிரிக்கவைத்த மனுஷர். சொந்த வீட்டில்தான் அந்த வித்தை பலிக்கவில்லை.

அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. பாதத்தைத் தரையில் வை என்றாலே கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்வாள். "இப்படியே படுத்திருந்தா முட்டி இறுகிடும், அப்புறம் நடக்கவே முடியாது" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவளை எப்படியாவது எழுப்பிவிட வழி தேடினார் சிரிங்க.

செடி என்றால் அவளுக்கு உயிர். எனவே அவள் கட்டிலுக்கு நேரே, ஜன்னலுக்கு வெளியே, பலகை அடித்து மண் கொட்டி ஒரு மேட்டுப்பாத்தி போட்டார். அதுவரை மண்ணைத் தொட்டவரில்லை. ஆனால் ஆட்களை நிறுத்தத் தெரியாதா என்ன? மதில் சுவரோரம் மக்காச்சோளம், அதன் தண்டிலேயே ஏறட்டும் என்று கொடி பீன்ஸ். நடுவில் கத்தரி. ஜன்னல் பக்கம் கீரையும் கொத்தமல்லியும். நெட்டை பின்னால், குட்டை முன்னால், எல்லா முகமும் தெரிய வேண்டும். குரூப் போட்டோவேதான்.

"இன்னைக்கு என்ன முளைச்சுது?" என்று அவள் காலையில் கேட்பாள். நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருவது அந்த ஒரு கேள்விதான்.

நெட்டைகள் ஜம்மென்று வளர்ந்தன. முன்வரிசைதான் வெளிறி, நூலாக இளைத்து, ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்தது. "உன்னைப் பாக்கத்தான் எட்டுதுங்க" என்று சமாளித்தார். மச்சான் வந்து, தண்ணீர் அதிகம் என்றான். விதைக்கடைக்காரர் தண்ணீர் போதாது என்றார். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் மண்ணையே மாற்றச் சொன்னார். சிரிங்க ஒரு நாள் ஊற்றினார், மறுநாள் ஊற்றாமல் விட்டார். மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு மத்தியானம் குழாயை எடுக்கச் சுவர்ப்பக்கம் போனவர் திரும்பிப் பார்த்தார். வெயில் சுவருக்கு மேலாக வந்து சோளத்தின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. கீரை முழுக்க நிழலில். அடக் கடவுளே! ஸ்டுடியோவில் விளக்கைத் தூக்கி வேண்டிய பக்கம் வைத்தே பழகிய ஆள். சூரியனை யார் நகர்த்துவது?

வரிசையைத் திருப்பினால் செடி பிழைக்கும், ஆனால் சோளம் ஜன்னலை மறைத்துவிடும். திருப்பாவிட்டால் அவள் கண்ணெதிரிலேயே கீரையெல்லாம் சாகும். எது பெரிய பாவம் என்று புரியாமல் இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் கத்தரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கி, ஜன்னலோரம் சோளமும் பீன்ஸும், சுவரோரம் கீரையுமாக மறுபடி விதைத்தார்.

கீரை தளதளவென்று வந்தது. கூடவே சோளமும் ஏறி ஜன்னலை அடைத்தது.

"ஏங்க, எனக்கு ஒண்ணுமே தெரியல. கத்தரி எப்படி இருக்கு?"

"இலையில ஓட்டை ஓட்டையா இருக்கும்மா."

"சின்னதா, பெருசா?"

"ரெண்டும் மாதிரிதான் இருக்கு."

"பூச்சி உக்காந்திருக்கா?"

"உக்காந்த மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஓடிப்போய்ப் படம் எடுத்துவந்து காட்டினார்.

"கல்யாண ஆல்பம் மாதிரி அழகாத்தான் இருக்கு. இலையோட அடிப்பக்கம் எங்க? பூச்சி என்ன போஸா குடுக்கும்?"

முகம் தொங்கிப்போய்த் திரும்ப வந்து, பாத்திமுன் குந்தி இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எது புழு, எது காம்பு என்றே விளங்கவில்லை. எழுந்து நிமிர்ந்தார். பின்வாசலைத் தாண்டி, சுவரைத் தடவியபடி அவள் வந்துகொண்டிருந்தாள்.

"உங்களை நம்பினா செடி உருப்பட்ட மாதிரிதான். தள்ளுங்க."

நடந்துட்டியே என்று கத்த வாயெடுத்தார். கத்தினால் காலைப் பார்ப்பாளே, பார்த்தால் பயப்படுவாளே. ஓடிப்போய்ப் பிடிப்பதா, பிடிக்காமல் இருப்பதா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். அவள் பலகையைப் பிடித்து நின்று, ஒரு இலையைத் திருப்பி, பச்சைப் புழு ஒன்றைச் சுண்டிவிட்டாள்.

"இதுகூடக் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியல" என்றார். பிறகு பாத்தியின் அந்தக் கோடியில், பழுதே இல்லாமல் நின்ற கத்தரியைக் கை காட்டினார். "அதுலயும் ஓட்டை இருக்குபோல. என்னன்னு பாரேன்."

"எங்க?" என்று முனகியபடி, பலகையைப் பிடித்துப் பிடித்து அவள் அந்தக் கோடிக்கு நடந்தாள்.