வாசகசாலைக் கதவில் என் வீட்டுக்காரர்

வெள்ளைக்காரன் போன கையோடு எங்கள் கடற்கரைத் தெருமுனையில் ஒரு வாசகசாலை எழும்பியது. படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் கதவு தேக்காம், அதில் ஊர்ச் சரித்திரம் முழுவதையும் செதுக்கப் போகிறார்களாம். மேலே பாண்டிய ராசா, நடுவில் போர்த்துகீசியர் கப்பல், கீழே முத்துக்குளிப்பு.

முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருடமாகியிருந்தது. என் வீட்டுக்காரர் சங்கு குளிப்பவர். இருந்தும் கதவு செதுக்கும் ஆசாரி மாதிரிக்குக் கூப்பிட்டதும் போய், ஒரு பகல் முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதோடு நடையே மாறிவிட்டது. சரித்திரத்துக்குள் போய்விட்டாராம்! சோறு போட மட்டும் நான் வேண்டும்.

கதவை மாட்டியதும் போய்ப் பார்த்தேன். கடலுக்கடியில் என் வீட்டுக்காரர், அசல் அதே மூக்கு. மேலே வள்ளத்தில் அவர் கயிற்றைப் பிடித்தபடி, மீசையை முறுக்கிவிட்டுத் தெருவைப் பார்த்துச் சிரிப்பவர் யார்? வாசகசாலைக் கமிட்டித் தலைவர், உப்பு வியாபாரி! தேக்கு அவர் கொடுத்ததாம்.

எங்கள் பக்கம், கடலுக்குள் இறங்குகிறவரின் கயிறு மச்சான் கையில்தான் இருக்கும். கூடப்பிறந்தவளின் தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான் என்கிற நம்பிக்கை. எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இவர் கயிற்றைப் பிடிப்பவன் என் அண்ணன்.

கதவைப் பார்த்த அண்ணன் நேரே வீட்டுக்கு வந்தான்.

"ஏளா, நான் என்ன செத்தா போயிட்டேன்? இனிமே அந்த உப்பு யாவாரியே வந்து உன் மாப்பிள்ளைக்குக் கயிறு பிடிக்கட்டும்!"

சங்கு குளிப்பு தொடங்கிவிட்டது. ஊர் வள்ளமெல்லாம் போக, இவர் மட்டும் வீட்டில் குந்தியிருந்தார். வேறு ஆளிடம் கயிற்றைக் கொடுக்க இவருக்குப் பயம். எனக்கு அதைவிடப் பயம்.

கதவில் அந்த முகத்தை மாற்றச் சொல்லி ஆசாரியிடம் கெஞ்சினேன். "தலைவர் சொல்லாம உளி வைக்க மாட்டேன்" என்றுவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! தாம்பாளத்தில் வெற்றிலையும் பழமும் வைத்து, என் மூன்று பெண்களுக்கும் தலை சீவி, தலைவர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, எங்க வழக்கத்துல கயிறு பிடிச்சா கூடப்பிறந்தவருதான். ஊரறியக் கதவுல பிடிச்சிட்டீங்க. இனி இவளுவளுக்குத் தாய்மாமன் நீங்கதான். மூத்தவ இன்னைக்கோ நாளைக்கோ சடங்காவப் போறா. சீர் எப்பக் கொண்டு வாரீங்க?"

சொல்லிக்கொடுத்தபடி மூன்றும் ஒரே குரலில் "மாமா!" என்றன.

"எனக்கு ஏற்கெனவே அஞ்சு தங்கச்சிம்மா!" என்று தலைவர் அலறிவிட்டார். அன்று சாயங்காலமே கதவில் தன் முகத்தை மாற்றச் சொல்லி ஆசாரியை அனுப்பினார்.

ஆசாரி மீசையை எடுக்கப்போய் மூக்கும், மூக்கைச் சரிபண்ணப்போய்க் கன்னமும் போயின. வேறு வழியில்லாமல் முகம் இருந்த இடத்தைப் பின்மண்டையாக்கி முடியைக் கீறிவிட்டார். தொப்பை தெருவைப் பார்க்க, தலை கடலைப் பார்த்தது.

அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். தன் முகத்தை வைக்கச் சொல்லி அடம்பிடிப்பானோ என்று எனக்குத் திக்திக்கென்றிருந்தது. அவன் கிட்டப் போய் அந்தப் பின்மண்டையை விரலால் தடவிப் பார்த்தான்.

"இப்பத்தான் சரி. கயிறு பிடிக்கவனுக்குத் தெருவுல என்ன சோலி? கண்ணு தண்ணிய விட்டு அசையக் கூடாதுல்லா? மச்சானைக் காலையில வெள்ளனே வரச் சொல்லு."

நான் ஒருநாளும் வள்ளத்தில் ஏறியதில்லை. இவர் உள்ளே இருக்கும்போது அண்ணன் மேலே எப்படி நிற்பான் என்று அன்றுதான் தெரிந்தது. நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன்.

"என்னத்துக்குளா அழுத? அதான் வாரேன்னு சொல்லிட்டேம்லா" என்றான்.